கெடாத மிஷின்

சுங்கை மாயாங் தோட்டம்,
மேல் டிவிஷன், தானா ராத்தா.
9.3.1986

தம்பி வேலப்பனுக்கு அக்கா நீலாவதி எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆறு வருடம் விசாரிக்காதவள் இன்றைக்கு விசாரித்தால் உனக்கே சிரிப்பு வரும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது.

திரிங்காப் ஊர் லோரிக்கார நாகப்பன் அண்ணன் தைப்பூசம் கழித்து அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்ததையும், விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சிங்கப்பூர் மார்க்கெட்டில் வைத்து அவர்தான் உன்னிடம் சொன்னாராம். எந்த ஒயரை எதில் செருகுவது என்று ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாய். அதில் "அப்பா எப்படி இருக்கிறார்" என்று எழுதவும் இடம் இருந்தது.

கல் விழும் விளையாட்டைத்தான் அப்பா விளையாடுகிறார். மேலேயிருந்து கல் விழ விழ, கீழே இருக்கும் வண்டியை இடமும் வலமும் தள்ள வேண்டும். ஒரு கல் மேலே படாமல் தப்பினால் ஒரு மார்க். ரெண்டே பட்டன் என்பதால் விழுந்த கையாலேயே அழுத்துகிறார். முதல் வாரம் மூன்று மார்க். இப்போது நாற்பது. நாற்பதைத் தொட்ட அன்றைக்கு டிவி முழுக்க வெள்ளையாகி எல்லாம் போய்விட்டது. மறுபடி விளையாட்டு பதிந்த கசெட்டைப் போட்டு ஆறு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அது போடும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா, "யாரு வீட்ல லா ஆடு அறுக்கிறீங்க?" என்று ஓடி வந்தாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை போய்விட்டது.

எழுதச் சொன்னது அப்பாதான். "கெட்டுப்போச்சு. அனுப்புனவனுக்கு எழுது" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை.

நான் எழுதுவது வேறு காரணத்துக்கு. நீ ஒரு தடவை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ. அடுத்த வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோஸ் ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று லோரி இங்கேயிருந்து உன் ஊருக்கு வருகிறது. திரும்பும்போது காலியாகத்தான் திரும்புகிறது.

அக்கா,
நீலாவதி

*

சிங்கப்பூர்.
18.3.1986

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

அந்த மிஷின் நான்கு வருடத்துக்கு முந்தினது. இங்கே யாரும் இப்போது வாங்குவதில்லை. எங்கள் ரிப்பேர் கடையில் ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போனதை நான் எடுத்துத் துடைத்து அனுப்பினேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீ பிடித்துப் பார்க்கிறாய்.

கோளாறு மிஷினில் இல்லை, உங்கள் கரண்டில்தான் இருக்கும். தேயிலை பேக்டரியில் இலை நசுக்கும் ரோலர் ஓடத் தொடங்கினால் நம் லயத்து வீடுகளில் விளக்கு மங்குமே, மறந்துவிட்டாயா? இந்த மாதிரிச் சாமானுக்குக் கண் இமைக்கிற நேரம் கரண்டு குறைந்தாலும் ஞாபகம் அழிந்துவிடும். எந்த நாள், எத்தனை மணிக்குக் கெடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து அனுப்பு.

வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மா போன அன்றைக்குத் தந்தி கிடைத்ததும் கட்டிய துணியோடு கிளம்பினேன். மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மலையடிவாரத் தாப்பாவிலிருந்து தோட்ட ஆபீசுக்கு டெலிபோன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னேன். அவரும் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்படியும் நான் வந்து சேருவதற்கு முன்னாலேயே அம்மாவை எடுத்துவிட்டார்கள். ரெண்டு மணி நேரம். அந்தக் குளிரில் ரெண்டு மணி நேரம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெற்றவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியாதவனாக்கி என்னை வாசலோடு அனுப்பினவர் அவர். எனக்கு வர மனமில்லை.

வேலப்பன்

*

மேல் டிவிஷன்.
14.4.1986

தம்பிக்கு,

நோட்டில் குறித்ததை எழுதுகிறேன். மார்ச் 26 புதன், பகல் பதினொன்று. ஏப்ரல் 1 செவ்வாய், மாலை நாலு. ஏப்ரல் 6, காலை பத்து. ஏப்ரல் 6 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பேக்டரி பூட்டியிருந்தது. அங்கே இலை சலிக்கும் வேலையில் பதினேழு வருடமாக இருக்கிறேன், ரோலர் எப்போது ஓடும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். மிஷினைப் பற்றி எழுதினதை மட்டும் வாசித்தேன், அம்மா விஷயத்தை விழுங்கிவிட்டேன். "அவ்வளவுதானா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு பக்கம் இருக்கே" என்றார். கரண்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறான் என்று பொய் சொல்லி, அதையே மறுபடி ஒரு தடவை வாசித்தேன். முப்பது வருடம் ரோலர் மிஷின் ரிப்பேர் பார்த்தவர் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அந்த ரெண்டு மணி நேரத்தைப் பற்றி நானும் சொல்கிறேன். உனக்குக் கிராணி வேலை கேட்டு இவர் துரை முன்னால் கைகட்டி நின்று வாங்கிய உத்தரவை, நீ மேசையில் போட்டுவிட்டுச் சொல்லாமல் ஓடினாய். அம்மா அதிலேதான் படுத்தாள். அன்றைக்குக் குழி வெட்டினவர்கள் மழை வருகிறது என்றார்கள். அப்பா, "எடுங்க" என்றார். கிராணி வந்து சொன்ன பிறகுதான் சொன்னார். தப்புதான். நான் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் சேர்த்துத் திட்டு. ஆனால் உனக்குப் போனது ஒரு பிடி அரிசி. இவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றி விடுகிறவளுக்கு, வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் போனதை நீ எதில் சேர்ப்பாய்?

இன்று வருடப்பிறப்பு. மிஷின் ஏன் கெடுகிறது என்று எழுது.

நீலாவதி

*

சிங்கப்பூர்.
2.5.1986

அக்கா,

கரண்டு இல்லையென்றால் ஈரமாக இருக்கும். வீட்டுக்குள்ளேயே பனி வந்து உட்காரும் ஊர் அது. ராத்திரி மிஷினை அலமாரியில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன பல்பை எரியவிடு. இல்லையென்றால் சூடு. ரொம்ப நேரம் ஓடினால் அதன் முதுகு கொதிக்கும். இங்கே பையன்கள் குளிர்ந்த பால் பாக்கெட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு விளையாடுவார்கள். சிரிக்காதே, வேலை செய்கிறது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை வந்தால் நீ அரிவாள்மணைக்கும் சந்தனம் பூசுகிறவள். சாம்பிராணி, விபூதி, குங்குமம் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதே. சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தால் முதலில் அங்கேயிருந்து எடு. பாதி வீடுகளில் சாமான் கெடுவது இதனால்தான்.

எத்தனை மார்க் வரை போகிறார்?

வேலப்பன்

*

மேல் டிவிஷன்.
8.6.1986

தம்பிக்கு,

நூற்றுப் பன்னிரண்டு. கரண்டியைப் பிடிக்கிறார். சட்டையில் மேல் பட்டன் மட்டும் தானே போடுகிறார். நீ கேட்டாய் என்று சொன்னேன். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். பல்பு வைத்தேன். சாமி படத்தை அடுத்த சுவருக்கு மாற்றினேன். சாம்பிராணியை வாசலோடு நிறுத்தினேன். அம்மா இருந்தால் அடுப்புக் கட்டையாலேயே போட்டிருப்பாள். பால் பாக்கெட்டும் வைத்துப் பார்த்தேன். இங்கே குழாயில் வரும் தண்ணீரே பல்லைக் கூசவைக்கிறது, இதில் எந்தச் சூட்டைத் தணிக்க? அப்படியும் மே மாதம் மட்டும் ஐந்து தடவை கெட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீயும் கரண்டைச் சொன்னாய், பனியைச் சொன்னாய், கடைசியில் என் சந்தனத்தையும் சொன்னாய்.

போன சனிக்கிழமை துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போனேன். ரேடியோ ரிப்பேர் செய்யும் முருகையாவிடம் காட்டினேன். பின்பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி மாட்டியிருக்கிறதே, ஞாபகத்தைக் கூட்டுகிற பெட்டியாம். அதை விரலால் லேசாக ஆட்டிக் காண்பித்தார். "இது மொதல்லருந்தே லூஸ் லா. கொஞ்சம் அசைஞ்சா எல்லாம் அழிஞ்சிடும். கொடுத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

நீலாவதி

*

சிங்கப்பூர்.
20.6.1986

அக்கா,

தெரியும்.

அந்த ஆள் மிஷினை விட்டுப்போனதே அந்தப் பெட்டி ஆடுகிறது என்றுதான். வேறு பெட்டி தேடினேன், இந்தப் பழசுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. மேசை மேல் அசையாமல் இருக்கப்போகிற சாமான், ஒரு கை விழுந்த மனுஷர் அதை எங்கே ஆட்டப்போகிறார் என்று நினைத்து அனுப்பினேன். நீ கெடுகிறது என்று எழுதினதும் சொல்ல வெட்கமாக இருந்தது. உன் சந்தனத்தின் மேல் பழி போட்டது தப்பு. சாமி படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டு.

ஆனால் மேசை ஆடாமல், யாரும் தொடாமல், மாதம் ஐந்து தடவை எப்படி அசையும் என்று எனக்குப் புரியவில்லை.

வழி சொல்கிறேன். பெட்டியை நன்றாக உள்ளே தள்ளி, மிஷினையும் பெட்டியையும் சேர்த்து ஐந்து சுற்று பிளாஸ்திரி ஒட்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி போதும். அதற்குப் பிறகு கெடாது. நீயும் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேலப்பன்

*

மேல் டிவிஷன்.
13.7.1986

தம்பிக்கு,

பிளாஸ்திரி ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஒட்டுவதற்கு முன்னால் தூசி துடைக்கலாம் என்று பெட்டியை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். அதன் மேல் பக்கம் முழுக்க விபூதி. ஒன்றின் மேல் ஒன்றாக விரல் தடம். நீ சொன்ன நாளிலிருந்து நான் விபூதித் தட்டை அந்தப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. இந்த வீட்டில் விரலில் விபூதி இருப்பது ஒருவருக்குத்தான். காலையில் குளிப்பாட்டிவிட்டால் அப்பா தானே தொட்டு நெற்றியில் பூசிக்கொள்வார்.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு பேக்டரியிலிருந்து பத்தரைக்கே வந்தேன். முன்வாசலில் நுழையாமல் பின்பக்கம் வந்து அடுப்படிக் கதவோரம் நின்றேன். விளையாடிக்கொண்டிருந்தார். நூற்று ஐம்பதைத் தாண்டி மார்க் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு கல்லும் படவில்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வலது கையை, தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தக் கையை, மெல்லத் தூக்கி மிஷினுக்குப் பின்னால் கொண்டுபோய் பெட்டியை ஒரு அழுத்து அழுத்தினார். டிவி வெள்ளையானது. பிறகு நான் குறித்துவைக்கும் நோட்டை இழுத்து, இடது கையால் கோணல் மாணலாக மணி எழுதினார்.

நான் முன்பக்கமாகச் சுற்றி, அப்போதுதான் வருகிறவளாக உள்ளே போனேன். நிமிர்ந்து பார்த்து, "போச்சும்மா. அவனுக்கு எழுது" என்றார்.

முதலில் கெட்டதெல்லாம் தானாகக் கெட்டதுதான். கெட்டதும் உன்னிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு வருடத்தில் வராத கடிதம். ரோலர் மிஷினை எங்கே தொட்டால் நிற்கும் என்று தெரிந்தவருக்கு இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? உன் மூன்று கடிதமும் அவர் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. அவருக்கு வாசிக்கத் தெரியும், வேலு. அந்த ரெண்டு மணி நேரத்தைப் பற்றி எழுதினாயே, அதையும் வாசித்திருப்பார். வாசித்த பிறகும் "அவனுக்கு எழுது" என்றுதான் சொன்னார்.

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஆத்திரம். பிறந்ததிலிருந்து கூட இருக்கிறவளிடம் "என் மகனைப் பார்க்கணும்" என்று சொல்ல வாய் வரவில்லை, மிஷினைக் கெடுக்கக் கை வந்துவிட்டது.

பிளாஸ்திரி ஒட்டவா, வேண்டாமா? நீயே சொல்.

நீலாவதி

*

சிங்கப்பூர்.
10.8.1986

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நிறையத் திட்டியிருந்தேன். வீராப்பில் நானும் அவருக்குக் குறைந்தவனில்லை.

பிளாஸ்திரி ஒட்டிவிடு. தீபாவளிக்கு நான் வருகிறேன். வந்த பிறகு அது கெட வேண்டியதில்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. வாசலில் போய் நிற்கிறேன், அப்போது என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

வேலு

*

சிங்கப்பூர்.
5.11.1986

அக்கா,

என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

நான் கிளம்பாமல் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் தாப்பா வரை வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அதே பெஞ்சு அப்படியே இருந்தது. அன்றைக்கு மண் அள்ளி முடிகிற வரை நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு. நாலு மணி பஸ் போனது, கடைசி பஸ்ஸும் போனது. என்னால் எழுந்து ஏற முடியவில்லை. அவர் வாசலில் நின்று "வந்த வழியே போ" என்று சொன்னது காதிலேயே இருந்தது. மறுபடி ஒரு தடவை கேட்டால் தாங்குவேனா என்று தெரியவில்லை. தீபாவளி அன்று காலையில் தெற்கே போகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நாகப்பன் அண்ணனிடம் புது மிஷின் கொடுத்தனுப்புகிறேன். கடைக்குப் போன வாரம் வந்தது. கலரில் தெரியும். எல்லாம் உள்ளேயே இருக்கிறது, பின்னால் மாட்டுகிற பெட்டியே கிடையாது. கல் விழும் விளையாட்டு இதிலும் உண்டு. இது கெடவே கெடாது. பழையதைத் தூக்கிப் போட்டுவிடு.

வேலு

*

மேல் டிவிஷன்.
30.11.1986

வேலப்பனுக்கு,

தீபாவளிக்கு முதல் நாள் ஆட்டிறைச்சி ஒரு பங்கு கூட வாங்கினேன். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று அப்பா கேட்டார். பவளம் அக்கா வீட்டுக்கும் சேர்த்து என்று சொன்னேன். விடிகாலையில் எண்ணெய் தேய்க்க உட்காரவைத்தேன். கொஞ்சம் பொறுத்துத் தேய்க்கலாம், கொஞ்சம் பொறுத்துத் தேய்க்கலாம் என்று பத்து மணி வரை தள்ளினேன். நீ சொன்னாய் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் யாராவது யாரிடமாவது எதையாவது சொல்லித்தானா தெரிகிறது? மத்தியானம், "சோத்தப் போடும்மா, வர்றவங்க வந்தா வரட்டும்" என்றார்.

உனக்குத் தாப்பாவில் பெஞ்சு. அவருக்கு இங்கே நாற்காலி. ரெண்டு பேரும் நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புது மிஷின் வந்தது. முருகையாவை அழைத்து வந்து மாட்டினேன். கலரில் தெரிகிறது, லயமே வந்து பார்த்தது. அப்பா ஒரே ஒரு ஆட்டம் விளையாடினார். நடுவில் வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"பின்னால ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, எல்லாம் உள்ளயே இருக்காம். இது கெடாதாம், தம்பி எழுதியிருக்கான்."

"கெடாதா" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார். "நல்லது. எழுதுறதுக்கு இனி வேலை இல்ல." அதோடு சரி. இருபது நாளாக அதன் மேல் துண்டு கிடக்கிறது.

பழையதை நான் தூக்கிப் போடவில்லை, அலமாரியில் இருந்தது. அவரே கேட்டு வாங்கினார். நீ வருவாய் என்று நம்பி ஐந்து சுற்று பிளாஸ்திரி ஒட்டினேன் அல்லவா, ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்கிறார். வலது கை நகத்தால்தான் பிரிக்கிறார். பனியில் ஊறி இறுகிப்போய், இழுத்தால் நூல் நூலாகத்தான் வருகிறது. நான் பிரித்துத் தருகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை அளவுதான் வருகிறது. நேற்றோடு ரெண்டு சுற்று முடிந்தது. மீதி மூன்று.

அது முடிந்ததும் பழைய மிஷினை டிவியில் மாட்டச் சொல்வார். விளையாடுவார். கெடும். என்னைப் பார்த்து, "அவனுக்கு எழுது" என்பார்.

நான் எழுதமாட்டேன், வேலு. இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம். ஏன் பதில் வரவில்லை என்று அவர் கேட்டால், அதை நீயே வந்து சொல்.

நீலாவதி